முதல் பக்கம் கறுத்த புத்தகம்

விடியற்காலையில் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஆளுக்கொரு மரத்தடியில் முக்காலி போட்டு, தண்ணீரைப் பார்த்து ஆங்கிலம் வாசிப்போம். பனியில் முகம் தெரியாது. குரல்கள் மட்டும் மிதக்கும். இதற்குள் மீன்களே பாஸாகியிருக்கும் என்பாள் சூமெய் அக்கா.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா, ஆங்கிலம் கட்டாயமான முதுகலை நுழைவுத் தேர்வுக்குப் படிப்பது இது மூன்றாவது வருடம். இந்த டிசம்பரிலும் தேறாவிட்டால், அம்மா பார்த்திருக்கும் டைல்ஸ் கடைக்காரரைக் கட்டிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவளுடைய சொற்புத்தகத்தில் முதல் பக்கம் விரல் பட்டுக் கறுத்திருக்கும். மற்றதெல்லாம் கடையில் வாங்கியபோது இருந்த அதே வெள்ளை. எங்கள் எல்லோருடையதும் அப்படித்தான். அகரவரிசையில் முதலில் நிற்பது 'அபேண்டன்'. கைவிடு என்று பொருள். அதைப் படித்த கையோடு படிப்பைக் கைவிடுவோம். அடுத்த வருடம் புதுப் புத்தகம், மறுபடி அபேண்டன்.

எங்களைக் கரையேற்ற ஆசிரியர் ஃபெய் வந்தார். கால் பிடித்துவிடும் கடையின் மாடியில் 'அனைத்துலக வினைச்சொல் ஆய்வுப் பீடம்' நடத்துபவர். மெல்போர்னில் பதினொரு நாள் இருந்தவர். கோவாலாக் கரடியை அணைத்தபடி அவர் நிற்கும் படம் வாசலில் ஆளுயரத்துக்கு உண்டு.

"கப்பலைக் கைவிடலாம், நம்பிக்கையைக் கைவிடலாம்" என்று அவருடைய ஒலிபெருக்கி பனிக்குள் முழங்கும். "ஆனா பஸ்ல குடையை மறந்துட்டா அது அபேண்டன் இல்ல. வேணும்னே விட்டுட்டுப் போகணும். ஆழத்தை உணருங்க."

உணர்ந்தோம். கரையோர வில்லோ மரங்களின் இலைகள் பழுத்து ஏரியில் விழுந்தன. நாங்கள் அதே சொல்லில் ஆடிக்கொண்டிருந்தோம், தூக்கத்தில் படகு ஓட்டுவதுபோல.

"சார், அடுத்த சொல் எப்போ?" என்றாள் அக்கா.

"அவசரப்படாதம்மா. மெல்போர்ன்ல இதுக்கே ஒரு வருஷம் எடுத்துக்குவாங்க."

"அந்தக் கரடி எத்தனையாவது பக்கத்துல இருக்கு சார்?"

பனிக்குள் எங்கெங்கோ சிரிப்புக் கேட்டது. அக்கா எழுந்து புத்தகத்தோடு நடந்தாள்.

"ஏம்மா, முக்காலியை மறந்துட்டுப் போறியே."

"மறக்கல சார். வேணும்னேதான்."

சற்று நேரத்தில் எதிர்க்கரையிலிருந்து அவள் குரல் தண்ணீர்மேல் வந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்து பின்னாலிருந்து வாசித்தாள். வாரக் கடைசிக்குள் இந்தக் கரையில் பதினான்கு முக்காலிகளும் ஆசிரியரும் மட்டும் இருந்தார்கள். பதினான்கில் ஒன்று என்னுடையது. பாடம் நிற்கவில்லை.

டிசம்பருக்குள் அக்கா பாதிப் புத்தகம் வந்திருந்தாள். தேர்வில் இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் தேறித் தப்பித்தாள். டைல்ஸ் கடைக்காரரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வசந்தத்தில் பீடத்து வாசலில் கரடிக்குப் பக்கத்தில் அக்காவின் படம் ஏறியது. கீழே பெரிய எழுத்தில்: 'ஒரே சொல்லில் முதுகலை.'