அழகையாவுக்குப் பேச்சு வந்த பிறகு

துணி மூட்டையோடு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் ஏறி இறங்கிய ஷுக்ரியை எல்லாரும் முஸ்லிம் என்று நினைத்து நானா என்றே கூப்பிட்டார்கள். அவனும் தலையாட்டி வைப்பான். சிரியா மலைநாட்டிலிருந்து அண்ணன் இப்றாஹீமோடு பிழைக்க வந்த துரூஸ் மதத்தவன் அவன். கேட்டவர்களுக்கெல்லாம் மதத்தைச் சொல்லித் திரிவது துரூஸ்களின் வழக்கமில்லை. பதுளை முழுக்கச் சலித்தாலும் அவர்கள் இரண்டே பேர்தான். ஐம்பத்திரண்டாம் வருஷத்துக்குப் பிறகு ஒருவன்.

அந்த வருஷம் ரெங்கம்மாவின் வாசலில் மூட்டையை இறக்கிய இப்றாஹீம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழும்பவில்லை. அதே நேரம் உள்ளே ரெங்கம்மாவுக்கு அழகையா பிறந்தான். பள்ளிவாசல்காரர்கள் வந்து மையித்தைத் தங்கள் முறைப்படி அடக்கினார்கள். தாங்கள் துரூஸ் என்பதை ஷுக்ரி அப்போதும் சொல்லவில்லை.

துரூஸ் இறந்தால் அந்தக் கணமே இன்னொரு துரூஸ் வீட்டில் பிறப்பான். பேச்சு வந்ததும் சில பிள்ளைகள் போன பிறவியைச் சொல்லும். அப்படியென்றால் அண்ணன் மலைக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இது ஷுக்ரிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அதே நேரம் பிறந்த அழகையாதான் அண்ணனோ என்று மனசு அடித்துக்கொண்டது. நாலு வருஷமாகத் தாய்மொழியில் ஒரு சொல் கேட்காதவன் வேறென்ன செய்வான், பாவம்! சேலை எடுக்க ஆளில்லாவிட்டாலும் வாரம் தவறாமல் வந்தான். அழகையாவோ கோழிக்குஞ்சைத் தவிர எதைப் பற்றியும் பேசவில்லை.

"என்னா நானா, எம்புள்ளையவே பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்று ரெங்கம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

வெளியாரிடம் சொல்லக்கூடாததையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டான். அவள் தேத்தண்ணி கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு மூட்டையை இறக்குமுன்பே அழகையா எதிரே வந்து நின்றான்.

"தம்பி, சாப்டியா?"

ஷுக்ரி மூட்டையைப் போட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தான். பையனோ சரியாகச் சொன்னோமா என்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். கதவோரம் நின்றவள் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அண்ணன் ஷுக்ரியைத் தம்பி என்று ஒருநாளும் அழைத்ததில்லை. கழுதை என்பார், அதுவும் அரபியில். அண்ணன் இங்கே இல்லை. மலையில் யார் மடியிலோ இருக்கிறார்; நல்லதுதான். ஆனால் இனி இந்த ஊரில் ஷுக்ரிக்கென்று யாருமில்லை.

பையன் பதிலுக்காகக் காத்து நின்றான். சாப்பிட்டாயா என்று இந்த நாலு வருஷத்தில் ஷுக்ரியை யாரும் கேட்டதில்லை.

"இன்னும் இல்லண்ணே," என்றான்.

ரெங்கம்மா ரொட்டி சுட உள்ளே போனாள்.