சாமி மாட்டுக்கு முள்கம்பி

யுத்தம் நடந்த காலம். சென்னீர்குப்பத்து நாகவல்லியின் கத்தரித் தோட்டத்துக்கு ஜப்பான்காரனைவிடப் பெரிய எதிரி ஒருவன் இருந்தான்: பெருமாள் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட காளை. திமில் ஒரு குன்று. மூச்சு விட்டால் கரையான்சாவடியில் விளக்கு அணையும். சாமி மாடாயிற்றே, அதன்மேல் ஒரு குச்சிகூட ஓங்கக் கூடாது. இரண்டு போகம் அதன் வயிற்றுக்குள் போயாயிற்று. இந்தப் போகமும் சந்தைக்குப் போகாவிட்டால், அவளுடைய குத்தகை நிலம் பக்கத்து நிலத்து மணவாளன் கைக்குப் போய்விடும்.

பூந்தமல்லியில் பழைய இரும்பு விற்கும் கலீலுல்லா, ஆவடி பட்டாளம் கழித்துப்போட்ட முள்கம்பிச் சுருள் ஒன்றை அவள் முன் எடுத்துப் போட்டார்.

"தாங்குமா பாய்?"

"டாங்கியே தயங்கி நிக்கும்மா. மாடு இன்னா மாடு!"

வேலி எழுந்தது. ஆடு வந்து பார்த்துத் திரும்பியது, பன்றியும் அப்படியே. நாகவல்லியின் சேலைதான் தினம் ஒரு முழம் வேலிக்குக் காணிக்கையானது. மணவாளன் சும்மா இருப்பானா? ஊரைக் கூட்டிவிட்டான்.

"சாமி மாட்டு மேல ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சின்னா, நீ ஊர உட்டே போவணும்!"

"வரலேன்னா?"

"ஆயுசுக்கும் நானே அதுக்குத் தீனி போடறேன், போ!"

"எல்லாரும் கேட்டுகினீங்களா?" என்றாள் நாகவல்லி.

காளை வந்தது. வேலியை முகர்ந்தது. விலாவைச் சாய்த்து மெல்லத் தேய்த்தது. அவ்வளவுதான், கண் சொக்கிவிட்டது! பிறந்த நாள் முதல் அரித்த உடம்பு அது. உண்ணி உதிர்ந்ததே தவிர, அந்தத் தோலில் கீறல் விழவில்லை. அது முனகிய முனகலில் காட்டுப்பாக்கத்துப் பசுக்கள் வெட்கப்பட்டன. வேலிக் கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன.

"பூடுச்சி பார் உன் வேலி!" மணவாளன் துள்ளினான்.

"அது கெடக்கட்டும். ரத்தம் எங்க அண்ணாத்தே?"

ஊரே சுற்றிவந்து தேடியது. வாலைத் தூக்கிக்கூடப் பார்த்தது. ஒரு சொட்டு இல்லை.

அன்றைக்கே நாகவல்லி கம்பியைப் பிரித்து, மணவாளனின் வைக்கோல் போரை ஒட்டி நின்ற பனைமரத்தில் சுற்றினாள். "துன்ற எடத்துலயே சொறிஞ்சிக்கட்டும், பாவம்!"

தீனியும் சொறியும் ஒரே இடத்தில் கிடைத்தால் எந்தக் காளை நகரும்? கத்தரித் தோட்டம் இருக்கும் திசையையே அது மறந்தது.

பறிப்பு முடிந்து, குழந்தைத் தலையளவு காய்களோடு நாகவல்லியின் வண்டி பூந்தமல்லி சந்தைக்குக் கிளம்பியது. வழியில் நடந்துபோன வைக்கோல் கட்டுக்கு அடியில் மணவாளனின் கால்கள் மட்டும் தெரிந்தன.

வண்டியை நிறுத்தச் சொல்லி, ஊர் கேட்கக் கத்தினாள்:

"அண்ணாத்தே, தவிடும் வையி! சாமி மாடு எளச்சிட்டா ஊரு உன்னத்தான் கேக்கும்!"