நாற்பது நிமிடத் தண்ணீர்

மத்தியானம் இரண்டு மணிக்கு ராடார் திரையில் மலைக்கு மேலே கருஞ்சிவப்பாக ஒரு திட்டு விழுந்தது. கால் மணி நேரம் கழித்தும் அது விழுந்த இடத்திலேயே இருந்தது. வானிலை மையத்தில் அந்தத் திரை முன் உட்கார்ந்திருந்தவள் அதைத்தான் கவனித்தாள். இடிமேகம் நகர்ந்தால் கவலையில்லை. ஊர் ஊராகக் கொஞ்சம் கொஞ்சம் கொட்டிவிட்டுப் போய்விடும். இது நகரவில்லை. ஒன்று பெய்து தீர்வதற்குள் அதன் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று முளைத்து அதே இடத்துக்கு வந்து நின்றது. மலையில் விழுந்த தண்ணீர் கால்வாய் வழியாக நகரத்துக்குள் நுழைய நாற்பது நிமிடம் போதும்.

"மறுபடியும் சிவப்பாம்மா?" என்றார் மேலதிகாரி. போன வாரம் அவள் போட்ட சிவப்பு எச்சரிக்கைக்குப் பள்ளிக்கூடங்களையெல்லாம் மூடினார்கள். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. டீக்கடை வரைக்கும் அவளைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

"தப்பாப் போனா என் தலையில போடுங்க சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். எச்சரிக்கை போனது. தம்பிக்கு நான்கு முறை போன் செய்தாள், அவன் எடுக்கவில்லை. அவனுடைய கார் பட்டறை கால்வாய்க் கரையில் ஒரு கட்டடத்தில், தரைக்குக் கீழே இருந்த தளத்தில் இருந்தது. போக வர ஒரே ஒரு சரிவுப் பாதை. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள்.

பட்டறைத் தெருவில் ஒரு சொட்டுகூட விழவில்லை. மலைப் பக்கம் மட்டும் அட்டைக் கருப்பு.

"வானிலை ராணி வந்துட்டாங்கப்பா," என்றான் தம்பி, பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே. மூன்று மெக்கானிக்குகளும் சிரித்தார்கள். கம்ப்ரஸர் எங்கோ கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் மேல வாங்க. இன்னும் பத்து நிமிஷத்துல கால்வாய் உடைச்சிக்கிட்டு வரும்."

"அக்கா, வெளிய வெயில் அடிக்குது. போன வாரம் உன் பேச்சைக் கேட்டு பதினோரு வண்டியை மேல ஏத்தி, திரும்ப இறக்கி, இடுப்பு ஒடிஞ்சதுதான் மிச்சம். வீட்டுக்குப் போ."

அவள் இன்னொரு தடவை சொல்லவில்லை. தரையில் கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்து, டெலிவரிக்குத் துடைத்து நிறுத்தியிருந்த வெள்ளைக் காரின் முன்கண்ணாடியில் இறக்கினாள். தம்பி பாய்ந்து வந்து அறைந்தான். கண்ணில் பூச்சி பறந்தது. பக்கத்துக் காரின் விளக்கை உடைத்தாள். அப்புறம் ஸ்பேனரோடு சரிவில் மேலே ஓடினாள். "பிடிங்கடா அந்தப் பைத்தியத்தை!" என்று நான்கு பேரும் பின்னால் ஓடிவந்தார்கள். அவளுக்கு வேண்டியதும் அதுதான்.

தெருவில் தம்பி அவள் முடியைப் பிடித்தபோது நூறு லாரி ஜல்லியை ஒரே நேரத்தில் கொட்டியது போல ஒரு சத்தம். கால்வாய்ச் சுவர் அப்படியே படுத்தது. மரமும் கதவும் தகரமுமாகச் செந்நிறத் தண்ணீர் புரண்டுவந்து, பள்ளம் கண்ட பக்கம் திரும்பியது. சரிவுப் பாதைக்குள் இறங்கியது.

"அண்ணே," என்றான் ஒரு மெக்கானிக். "பெயின்டர்..."

கடைக்கோடியில் கதவடைத்த பெயின்ட் அறை. முகமூடி போட்டுக்கொண்டு, பெயின்ட் பீய்ச்சும் கம்ப்ரஸர் இரைச்சலுக்குள் நின்றிருப்பான். இவ்வளவு கண்ணாடி நொறுங்கியும் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. அந்தக் கம்ப்ரஸர் ஓடியது அவள் காதிலும் விழுந்துதான் இருந்தது. அதன் மறுமுனையில் ஒரு ஆள் இருப்பான் என்று தோன்றவில்லை.

தம்பி தண்ணீரை நோக்கிப் பாய்ந்தான். அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். முழங்கையால் வாயில் இடித்தான். பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. "விடுடி! விட்டுடு!" பிறந்ததிலிருந்து அவன் அவளை 'டி' போட்டதில்லை. அவள் விடவில்லை. மற்ற மூவரும் அவன் மேல் விழுந்து அமுக்கினார்கள். அறுபது எண்ணுவதற்குள் சரிவு நிரம்பி, தெருவும் பள்ளமும் ஒரே மட்டமாயின. அதற்கப்புறம்தான் மழை வந்தது.

சாயங்காலம் தீயணைப்புக்காரர்கள் மூன்று பம்பு போட்டு இறைத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி எதிர்க்கடைப் படியில் உட்கார்ந்திருந்தான்.

"நீ விட்டிருந்தா இழுத்துட்டு வந்திருப்பேன்."

"வந்திருக்க மாட்டே."

"உனக்கு எப்படித் தெரியும்? போன வாரமும் தெரியும்னுதான சொன்னே."

ஆழம், வேகம், நேரம் எல்லாம் கணக்காக அவளிடம் இருந்தன. வாயில் ரத்தம் ஊறிக்கொண்டிருந்தது. விழுங்கினாள்.

தெருமுனையில் ஒரு பெண், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் மெதுவாக நடந்து வந்தாள். கூட்டத்தில் ஒவ்வொருவரிடமும், தன் வீட்டுக்காரர் பெயின்ட் அடிக்கிற பட்டறை எது என்று கேட்டாள். கேட்டவர்கள் தலையைக் குனிந்துகொண்டு வழிவிட்டார்கள். கடைசியில் அவர்கள் இருவருக்கும் முன்னால் வந்து நின்றாள். குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல், இன்னொரு கையிலிருந்த பிளாஸ்டிக் பைக்குப் பிடித்திருந்தாள். பைக்குள் மடிப்புக் கலையாத ஒரு ஆண் சட்டை, நனையாமல் இருந்தது.