கிழக்கே எண்பது, வடக்கே அறுபது

அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலே வீட்டில் சத்தத்துக்குப் பஞ்சமிருக்காது. இவர்கள் இருவரும் ஒரே அலுவலகத்தில் வேறு வேலை பார்த்தார்கள். நகரத்துக்கு அடியில் ஓடும் மழைநீர்க் கால்வாய்களைப் பராமரிக்கும் பிரிவில் அண்ணி ஆய்வாளர். உள்ளே இறங்கிப் பார்ப்பது அவள் வேலை. நாத்தனார் நில அளவையாளர். அண்ணி கீழே எந்தப் பக்கம் போகிறாள் என்று கேட்டு, அதை மேலே தெருவில் அளந்து வரைபடமாக்குவாள். "வீட்லதான் இவ நான் போற இடமெல்லாம் கண்ணு வெச்சிருக்கான்னா, ஆபீஸ்ல அதுக்குச் சம்பளமே குடுக்கறாங்க" என்று அண்ணி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அண்ணிக்கு அலுவலகத்தில் 'திசைகாட்டி' என்று பட்டப்பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு திசைகாட்டி தொங்கும். அவள் வாயில் இடது, வலது என்ற சொற்களே வராது. உப்பு டப்பா வடக்கு அலமாரியில் இருக்கிறது என்பாள், கட்டிலைக் கொஞ்சம் கிழக்கே தள்ளு என்பாள். சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போது வடக்கைத் தேடிக்கொண்டு நிற்க யாரால் முடியும்? அந்த வாரம் இதில் ஆரம்பித்த ஒரு சின்னப் பேச்சு வளர்ந்து, இருவரும் வீட்டில் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். வேலையில் மட்டும் வேலைப் பேச்சு.

அன்று காலை அவர்கள் எடுத்துக்கொண்டது நகரத்தின் மிகப் பழைய கால்வாய். அதற்கு வரைபடமே கிடையாது. தண்ணீர் வெளியேறும் வாய் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும். கொஞ்சம் குனிந்தால் ஆள் நடந்து போகலாம். அண்ணி அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு முன்னால் போனாள். அவள் இடுப்பிலிருந்து தொலைபேசிக் கம்பி ஒன்று கால்வாயின் வாய் வரைக்கும் நீண்டு வந்தது. அவளுக்குப் பின்னால் வெகுதூரம் விட்டு ஒரு தொழிலாளி வந்தார்.

கால்வாயின் வாயருகே நாத்தனார் காதில் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அண்ணியின் குரல் வந்தது. முதலில் கிழக்கே ஐம்பது மீட்டர். அங்கிருந்து வடக்கே தொண்ணூறு. பிறகு மறுபடி கிழக்கே முப்பது. அதற்கப்புறம் தெற்கே திரும்பி முப்பது. அதோடு கால்வாய் ஒடுங்கிவிட்டது, இனி எலிதான் போகும், திரும்பி வருகிறேன் என்றாள்.

அவள் திரும்புவதற்குள், முன்பு தாண்டி வந்த இடத்தில் கூரை சரிந்தது. பின்னால் வந்த தொழிலாளி விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். அண்ணி வரவில்லை.

நாத்தனார் தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, கேக்குதா?"

முதலில் இருமல் வந்தது. பிறகு குரல். "கேக்குது. கையும் காலும் நல்லாத்தான் இருக்கு. வந்த வழிதான் இல்ல."

நல்லவேளை, மண்ணுக்கடியில் கம்பி அறுபடாமல் கிடந்தது. ஆனால் நல்லவேளை அதோடு முடிந்துவிட்டது. மேற்கில் மேகம் திரண்டு நின்றது. மழை பிடித்தால் அந்தப் பக்கத்துத் தெருத் தண்ணீர் முழுக்க அந்தக் கால்வாய்க்குத்தான் வரும். வெளியேறும் வழியோ அடைபட்டுக் கிடந்தது.

பொறியாளர் ஓடி வந்து சரிவைப் பார்த்தார். கையால் தொட்டாலே மண் உதிர்ந்தது. அந்த வழியாகத் தோண்டினால் மிச்சக் கூரையும் இறங்கிவிடும் என்றார். அண்ணி நிற்கும் இடத்துக்கு நேர் மேலே துளையிட்டு இறங்குவது ஒன்றுதான் வழி. அந்த இடம் எது?

கம்பிச் சுருளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், இருநூறு மீட்டர் உள்ளே போயிருக்கிறது, அவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்றார்.

"இருநூறு மீட்டர் நடந்திருக்காங்க. அவ்வளவு தூரத்துல இல்ல" என்றாள் நாத்தனார். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஐம்பதும் முப்பதும் கிழக்கே, ஆக எண்பது. வடக்கே தொண்ணூறு போய், தெற்கே முப்பது திரும்பியதால் வடக்கில் மிச்சம் அறுபது. "இங்கேருந்து கோடு போட்ட மாதிரிப் போனா சரியா நூறு மீட்டர்."

பொறியாளர் கணக்கை ஒப்புக்கொண்டார். அவருக்கு உறுத்தியது அந்தத் தெற்கு. கால்வாய் கட்டுகிறவன் எவனும் வந்த திக்கிலேயே திருப்பிக் கட்ட மாட்டான் என்றார். உள்ளே இரும்புக் குழாய் ஏதாவது இருந்தால் திசைகாட்டி முள் ஏமாற்றிவிடும். அது உண்மையில் வடக்காக இருந்தால் அண்ணி நிற்பது விளையாட்டு மைதானத்துக்குக் கீழே. வெறும் மண், சட்டென்று தோண்டிவிடலாம். தெற்கு என்றால் மரச்சாமான் கடையின் கான்கிரீட் தரையை உடைக்க வேண்டும். துளை போடும் இயந்திரம் ஒன்றுதான் இருந்தது. தவறான இடத்தில் இறக்கிவிட்டு மறுபடி நகர்த்த மழை விடாது.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நாத்தனார் தொலைபேசியில் கேட்டாள்.

"அண்ணி, கடைசி வளைவுல இரும்பு ஏதாவது இருந்துச்சா?"

"இருந்துச்சு. ஒரு குழாய் குறுக்கே போகுது. அது பக்கத்துல முள்ளு ஆடுச்சு. அதனாலதான் அதைத் தாண்டி வந்து மறுபடி பார்த்தேன். இப்பவும் கையிலதான் வெச்சிருக்கேன். தெற்குதான்."

"கால்ல தண்ணி இருக்கா?"

"கணுக்கால் வரைக்கும். நீ அவசரப்படாத. நிதானமா அள."

ஒரு வாரத்துக்குப் பிறகு அண்ணி அவளிடம் பேசிய முதல் சொந்தப் பேச்சு அது. நாத்தனார் எழுந்து பொறியாளரைப் பார்த்தாள்.

"வீட்ல அவங்களோட நான் நூறு சண்டை போடுவேன் சார். ஆனா அவங்க தெற்குன்னு சொன்னா அது தெற்கு. இயந்திரத்தைக் கடைக்கு அனுப்புங்க."

பொறியாளர் ஒரு கணம் மைதானத்தின் பக்கம் பார்த்தார். பிறகு ஓட்டுநருக்குக் கையைக் காட்டினார், கடைக்கு.

இடையில் வீடுகள் நெருக்கியடித்து நின்றதால் நேர்கோட்டில் அளக்க வழியில்லை. அதனால் என்ன, எந்த வழியாகப் போனாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். முக்காலியில் கருவியை நிறுத்தி, பெரிய தெருவில் கிழக்கே எண்பது அளந்தாள். அங்கிருந்து சந்துக்குள் வடக்கே திரும்பினாள். குறுக்கே நின்ற வண்டியை ஆட்கள் அப்படியே தூக்கி வைத்தார்கள். அறுபதாவது மீட்டர் மரச்சாமான் கடையின் பின்னறைக்குள் போய் விழுந்தது. சுவரோரம் அடுக்கி வைத்திருந்த அலமாரிகளுக்கு நடுவே ஒரு சாப்பாட்டு மேசை. அதற்கடியில் தவழ்ந்து போய்ச் சுண்ணக்கட்டியால் குறி போட்டாள்.

கடைக்காரர் புதிதாகப் பதித்த தரை என்று ஆரம்பித்தார். அடியில் ஒரு பெண் நிற்கிறாள் என்று கேட்டதும் பேச்சு அப்படியே நின்றது. மேசையின் ஒரு முனையை அவரே பிடித்துத் தூக்கினார். கண்ணாடி பதித்த அலமாரிகள் தெருவுக்குப் போயின.

இயந்திரம் கான்கிரீட்டைக் கடித்தபோது வெளியே முதல் தூறல் விழுந்தது. தொலைபேசியைக் கால்வாயின் வாயருகே இருந்த தொழிலாளியிடம் கொடுத்திருந்தார்கள். அண்ணி சொல்வதை அவர் கைப்பேசியில் நாத்தனாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. பிறகு முழங்காலுக்கு மேலே. துளைக்கும் கம்பி மூன்று ஆள் ஆழம் இறங்கியும் கல்தான் வந்தது. நாத்தனார் சுண்ணக்கட்டி ஒட்டிய விரல்களை இறுக மூடிக்கொண்டு நின்றாள். தெற்கு தெற்குதான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

திடீரென்று கம்பி பிடிமானமில்லாமல் சரேலென்று இறங்கியது.

கைப்பேசியில் தொழிலாளி கத்தினார். "கம்பி உள்ள வந்துருச்சாம். அவங்களுக்கு மேற்கே ஒரு கை தூரத்துல தொங்குதாம். உங்ககிட்டச் சொல்லச் சொன்னாங்க."

ஒரு கை தூரம்! நாத்தனார் அங்கிருந்த அலமாரி ஒன்றில் சாய்ந்து அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள். துளையை அகலமாக்கி, கயிறு இறக்கி, அண்ணியை மேலே கொண்டுவருவதற்குள் மழை கூரைத் தகரத்தில் தாளம் போட ஆரம்பித்திருந்தது. சேறு வழிய வெளியே வந்தவளைக் கடைக்காரர் இருப்பதிலேயே விலையுயர்ந்த சோபாவில் உட்கார வைத்தார். அவள் மாட்டேன் என்றதற்கு, இனி இதை விற்கவே போவதில்லை, உட்காருங்கள் என்றார்.

அண்ணி நாத்தனாரின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து உட்கார்த்தினாள்.

"நீ அளக்கறேன்னு தெரிஞ்சதும் நான் நின்ன இடத்தை விட்டு நகரவே இல்ல. நகர்ந்தா உன் கணக்கு கெட்டுப்போயிடுமே."

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த இருட்டில், தன் கணக்கை நம்பி ஒருத்தி அசையாமல் நின்றிருக்கிறாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அவளுக்கு இவ்வளவு பெரிய மரியாதை செய்ததில்லை.

பொறியாளர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். நான் மைதானத்தைத் தோண்டச் சொல்லியிருப்பேன், இந்தப் பெண்தான் விடவில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அந்தக் கால்வாய் ஏன் தெற்கே திரும்பியது என்பது பின்னால் தெரிந்தது. அதைக் கட்டிய காலத்தில் அங்கே ஒரு பெரிய கிணறு இருந்திருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். இப்போது அந்தக் கால்வாய்க்கு வரைபடம் உண்டு. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறது, அடியில் இரண்டு பெண்களின் கையெழுத்தோடு.

நாத்தனாரின் அண்ணன் பேருந்து ஓட்டுநர், அவன்தான் இந்தக் கதையை ஊரெல்லாம் பரப்பினான். அந்தக் கடை வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கி, முன் இருக்கைக்காரர்களிடம் ஆரம்பித்துவிடுவான். ஒரு நாள் இருவரும் அந்தப் பேருந்திலேயே பின்னால் உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாது.

"இருநூறு மீட்டர் ஆழம் சார். என் பொண்டாட்டி கீழ, என் தங்கச்சி மேல. நேராக் கோடு போட்டுத் தூக்கிட்டா."

ஆழம் மூன்று ஆள் உயரம்தான் என்று திருத்த நாத்தனார் எழுந்தாள். அண்ணி அவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"விடு. இன்னிக்கு இருநூறுதானே சொல்றாரு. போன வாரம் முந்நூறு."