பிடிபடாத திருடன்

எனக்கு மூக்கு மேல கோபம் என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பஸ் ஓட்டுகிற மனுஷன், நாள் முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு திரிகிறவர், பொறுமையைப் பற்றி எனக்குப் பாடம் எடுப்பார். இருக்கட்டும். ஆனால் வகுப்பில் ஒரே ஒரு விஷயத்துக்கு நான் எவ்வளவு நேரமானாலும் வாய் திறக்காமல் காத்திருப்பேன். திருடன் பிடிபடுகிறவரைக்கும்.

நான் கணக்கு டீச்சர். ஒவ்வொரு பாடத்திலும் வேண்டுமென்றே ஒரு தப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஒன்றுமே தெரியாத பாவனையில் நிற்பேன். அந்தத் தப்புக்குப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் திருடன். கண்டுபிடித்தவர் எழுந்து "திருடன்!" என்று கத்த வேண்டும். ஓடி வந்து என் கையில் இருக்கும் சாக்பீஸைப் பிடுங்கித் திருத்த வேண்டும். பரிசு அவ்வளவுதான். அந்தத் துண்டு சாக்பீஸுக்கு என் வகுப்பில் அடிதடியே நடக்கும். பக்கத்து வகுப்பு டீச்சர் வாசலில் வந்து நின்று, "இது வகுப்பா, சந்தையா?" என்று கேட்பார். "சந்தைதான், நீங்களும் வாங்க" என்பேன்.

பாதித் திருடர்களைப் பிடிப்பது ஒரே ஒருத்திதான். இரண்டாவது பெஞ்சு ஓரத்தில் உட்காரும் ஒல்லிப் பெண். அதனால் வகுப்பே அவளைப் போலீஸ் என்று கூப்பிடும். மற்ற பாடங்களில் வாயில் கொழுக்கட்டை வைத்தது மாதிரி இருப்பாள். எப்படிடீ கண்டுபிடிக்கிறே என்று ஒருநாள் கேட்டேன். "திருடன் வரும்போது உங்க கண்ணு சிமிட்டாது டீச்சர்" என்றாள். எனக்கே தெரியாத விஷயம் அது. அவள் அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். எங்கே பார்த்தாலும் ஒரே பேச்சு. "இதுக்கு கணக்கு ஒண்ணுதான் டீச்சர் வருது. அதுல மட்டும் கை விட்டுடாதீங்க."

போன வருஷம் என் பாடங்களை வீடியோ எடுக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எல்லாப் பள்ளிகளிலும் ஒரே பாடம், ஒரே டீச்சர். அந்த ஒரே டீச்சர் நான். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். முகத்தில் பவுடரை அப்பி, கறுப்புத் துணி தொங்கவிட்ட ஓர் அறையில் நிற்க வைத்தார்கள். எதிரில் கேமராவும் அதைப் பிடித்திருந்த தம்பியும் மட்டும். பழக்க தோஷம், திருடனை எழுதிவிட்டு நின்றேன்.

"டீச்சர், அடுத்தது மறந்துட்டீங்களா?" என்றான் அந்தத் தம்பி.

"இல்லப்பா. பசங்க பிடிக்கணும்."

"பசங்க யாரும் இல்லையே டீச்சர்."

சிரித்துவிட்டேன். பிள்ளைகள் யோசிக்கட்டும், இந்த இடத்தில் கொஞ்ச நேரம் வீடியோ சும்மா ஓடட்டும் என்று விளக்கினேன். பிறகு திருடனை நானே பிடித்து, திருத்தியும் காட்டினேன். எல்லாப் பாடத்திலும் அப்படித்தான் செய்தேன். "பார்த்துக்கலாம் டீச்சர்" என்றான்.

பார்த்துக்கொண்ட லட்சணம் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது தெரிந்தது. கரும்பலகை இருந்த இடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. பிள்ளைக்கு ஒரு டேப்லெட். திரைக்கு மேலே கண்ணாடிக் குமிழ் மாதிரி ஒரு கேமரா. யார் திரையைப் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்று அது கணக்கெடுக்கும். எனக்குக் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு நாற்காலி. கையில் இருக்கும் டேப்லெட்டில் பட்டனை அமுக்க வேண்டும், வகுப்பின் கவனம் எத்தனை சதவீதம் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திரையில் நான், நாற்காலியிலும் நான். திரையில் இருந்தவளுக்குப் பவுடர் ஜாஸ்தி.

அன்றைக்கு அடைப்புக்குறிப் பாடம். பத்திலிருந்து, அடைப்புக்குறிக்குள் இருக்கும் நான்கு கழித்தல் மூன்றைக் கழிக்க வேண்டும். உள்ளே நான்கில் மூன்று போனால் ஒன்று. பத்தில் ஒன்று போனால் ஒன்பது. திரையில் இருந்தவள் என்ன செய்தாள்? அடைப்புக்குறியைச் சும்மா அழித்துவிட்டு, பத்தில் நான்கையும் கழித்து மூன்றையும் கழித்து, விடை மூன்று என்று எழுதினாள். அதுதான் திருடன். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். இப்போது அவள் காத்திருக்க வேண்டும்.

காத்திருக்கவில்லை. அடுத்த நொடியே அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். வீடியோவைச் சுருக்குகிற மென்பொருள் நான் சும்மா நின்ற நேரத்தை வெட்டியிருந்தது. அதோடு சேர்ந்த பேச்சையும் பாடம் இல்லை என்று முடிவு கட்டி வெட்டியிருந்தது. திருத்தமும் அதில் போய்விட்டது. திருடன் மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

வகுப்பில் சத்தமே இல்லை. எல்லாத் தலையும் நிமிர்ந்திருந்தது. எல்லாரும் மூன்று என்று எழுதிக்கொண்டார்கள். கவனம் கிட்டத்தட்ட நூறு சதவீதம்.

"அடப்பாவிகளா, யாருமே பார்க்கலையா?" என்று எழுந்து கத்தினேன். தலைகள் என் பக்கம் திரும்பின. திரையைப் பார்க்கிற கண்கள் குறைந்ததும் என் டேப்லெட் கீச்கீச்சென்று அலறியது. கவனம் சிதறுகிறதாம்.

போலீஸ் மட்டும் மெதுவாகச் சொன்னாள். "நான் பார்த்தேன் டீச்சர்."

"பார்த்தியா? அப்புறம் ஏன்டீ கத்தல?"

"கத்தினா அது நிக்காதே டீச்சர். அங்க நீங்க பாட்டுக்குப் போயிட்டே இருக்கீங்க."

வீடியோவை நிறுத்தினேன். மேசை டிராயரில் கிடந்த பழைய சாக்பீஸை எடுத்து, அலமாரிக் கதவில் கணக்கை எழுதி, ஒன்பது எப்படி வருகிறது என்று காட்டினேன். பிள்ளைகள் அழித்துவிட்டு ஒன்பது என்று எழுதினார்கள். அந்த வாரமே பயிற்சித் தேர்வு. கேள்வியையும் விடையையும் பாடத்திலிருந்து மென்பொருளே எடுத்துக்கொள்ளும், திருத்துவதும் அதுதான். ஒன்பது என்று எழுதிய என் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சிவப்பு. அலமாரிக் கதவைப் பார்க்காமல் தூங்கி வழிந்த இரண்டு பேருக்குப் பச்சை. பெற்றோர் எல்லாருக்கும் உடனே போனில் செய்தி போய்விட்டது.

தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனுஷன்தான், பயந்த மனுஷன்.

"ஒவ்வொரு வீட்டுல இருந்தும் போன் வருது டீச்சர். நீங்க பாடத்துக்கு எதிரா சொல்லிக் குடுக்கிறீங்களாம்."

"பாடமே தப்பு சார்."

"எல்லா ஸ்கூல்லயும் ஓடுற பாடம். தேர்ந்தெடுத்த டீச்சர் எடுத்த பாடம். தப்பா இருக்குமா?"

"அந்த டீச்சர் நான்தான் சார்!"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாம் அவருக்குத் தெரியும். "ஆப்ல புகார் போட்டீங்களா?"

"அன்னைக்கே போட்டேன். அடுத்த பருவத்துல சரி பண்ணுவாங்களாம். தேர்வு இந்தப் பருவத்துல வருது சார்."

"அதுக்குத்தான் சொல்றேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. உங்களுக்காக இல்ல. பசங்களுக்காக."

அந்தத் தேர்வைத் திருத்துவதும் அதே மென்பொருள்தான். அதில் பச்சை வாங்கியவர்களுக்குத்தான் மேலே கணக்குப் பிரிவு. மற்றவர்கள் கைத்தொழில் பிரிவுக்குப் போக வேண்டும். போனால் போனதுதான், திரும்பிக் கணக்குக்கு வர வழியில்லை. அந்தத் தேர்வில் பாதிக் கேள்வி அடைப்புக்குறி.

வீட்டில் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கொட்டினேன். அவர் தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் பஸ்ஸுக்கும் தப்பான போர்டு மாட்டிக் குடுத்திருக்காங்க. ஏறுறவங்ககிட்ட வாயால சொல்லிடுவேன், இது அங்க போகாதுன்னு. நீயும் சொல்லிடு."

"சொன்னேங்க. நான் சொன்னதை நம்பினவங்கதான் நடுவழியில இறங்கி நிக்கிறாங்க."

எப்போதும் ஏதாவது கிண்டல் செய்கிறவர், அன்றைக்குத் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டார்.

தேர்வுக்கு முதல் நாள் மாலை போலீஸின் அம்மா பள்ளி வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். மணிக்கட்டில் புதிதாக ஒரு சூட்டுக் காயம். "பயிற்சியில இதுக்கு சிவப்புன்னு வந்துச்சே டீச்சர். பிரிவு மாறிடாதில்ல?"

"மாறாதும்மா. நான் இருக்கேன்" என்றேன். வேறென்ன சொல்வது? நான் இருந்து என்ன கிழித்தேன்?

வகுப்புக்குத் திரும்பி வந்து, ஈரத் துணியை எடுத்து அலமாரிக் கதவில் இருந்த கணக்கைத் துடைக்க ஆரம்பித்தேன். அதை அழிக்கச் சொல்லித் தலைமை ஆசிரியர் இரண்டு முறை ஆள் விட்டிருந்தார். கடைசியில் ஒன்பது மட்டும் மிச்சம் இருந்தது. அதைத் துடைக்கும்போது பின்னால் காலடிச் சத்தம். போலீஸ் பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"டீச்சர், நாளைக்கு எதை எழுதட்டும்? ஒன்பதா, மூணா?"

அந்த மென்பொருளை எழுதினவன்மேல், 'பார்த்துக்கலாம்' தம்பிமேல், தலைமை ஆசிரியர்மேல், திரையில் பவுடர் பூசிக்கொண்டு சிரிக்கிறவள்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர்களில் ஒருத்தருக்கும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தலையெழுத்து இல்லை. ஒன்பது என்று சொல்லிவிடலாம். உண்மை சொன்ன வாய் மணக்கும். நாளை மறுநாள் இவள் கைத்தொழில் பிரிவில் உட்கார்ந்திருப்பாள்.

"மூணுன்னு எழுது" என்றேன்.

அவள் நகரவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். நான் கண் சிமிட்டாமல் நின்றேன். சிமிட்டினால் கண்ணீர் விழுந்துவிடும். அவள் உதட்டோரம் துடித்தது. அந்தத் திரை வந்த நாளிலிருந்து நான் பார்க்காத சிரிப்பு முகமெல்லாம் பரவியது.

"திருடன்!" என்று கத்தினாள். அந்தக் காலி வகுப்பே அதிர்ந்தது. பை ஒரு பக்கம் சரிய ஓடி வந்து, சாக்பீஸுக்காக என் முன்னால் கையை நீட்டினாள்.

என் கையில் ஈரத் துணிதான் இருந்தது.

"இல்லம்மா. இது திருடன் இல்ல" என்றேன்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அவள் பையைச் சரியாக மாட்டிக்கொண்டு, "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் போனாள்.