ஆதேல்மோ கேட்ட அமாபிலே

கொத்தெக்கீனோவுக்கு இனிப்பு ஒயின் கேட்கிற ஆளை நான் என் ஆயுசில் பார்த்ததில்லை. அதுவும் கேட்டது ஆதேல்மோ. அன்றைக்குக் குழம்பியவள்தான், அடுத்த ஞாயிறு வரை தெளியவே இல்லை.

வட இத்தாலியில் எங்கள் மாந்தோவா பக்கத்து லாம்ப்ருஸ்கோ ஒரு தனி ரகம். சிவப்பு ஒயின்தான், ஆனால் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு மேலே வரும், ஜில்லென்று குடிக்க வேண்டும். பன்றித்தோலும் கொழுப்புமாகக் குடலில் அடைத்து அவித்த அந்தக் கொத்தெக்கீனோ நாக்கில் பிசுபிசுவென்று அப்பிக்கொள்ளும்போது, இனிப்பில்லாத லாம்ப்ருஸ்கோ ஒரு வாய் குடித்தால் போதும், புளிப்பும் குமிழியுமாக வழித்துக்கொண்டு போய்விடும். மறுபடி பசிக்கும். லேசாக இனிக்கிற இன்னொரு வகை உண்டு. அது கடைசியில், பாதாம் கேக்கை உடைத்துத் தின்னும்போது. அதற்குப் பெயர் அமாபிலே. இதே சொல்லை ஒரு பெண்ணிடம் சொன்னால், அன்பு வைக்கத் தகுந்தவள் என்று அர்த்தம். வினை அங்கேதான் வந்தது.

ஆதேல்மோ தண்ணீர் பம்பு பழுது பார்க்கிறவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, ஞாயிறு மதியம் தவறாமல் என் சாப்பாட்டுக் கடைக்கு வந்து ஜன்னலோர மேஜையில் உட்காருவார். அதிகம் பேச மாட்டார். இனிப்பில்லாததைத்தான் குடிப்பார். அன்று மட்டும் என் முகத்தை நேராகப் பார்த்து, "அமாபிலே" என்றார். ஒயின் என்றும் சொல்லவில்லை, பாட்டில் என்றும் சொல்லவில்லை.

கொண்டுவந்து வைத்தேன். மனிதர் அதை எடுத்துக் கொதிக்கிற இறைச்சிச் சாற்றில் ஊற்றிக்கொண்டார். சாற்றில் ஒயின் ஊற்றுவது எங்கள் வழக்கம்தான், ஆனால் இனிப்பையா ஊற்றுவார்கள்? கிண்ணத்தைத் தூக்கி, முகம் ஒரு சுளிப்புச் சுளிக்காமல் குடித்து முடித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் சமையலில் குறை என்றால் வாயைத் திறந்து சொல்வதுதானே? உள்ளே போய்ச் சாற்றையும் கொத்தெக்கீனோவையும் ருசி பார்த்தேன். உப்பு, காரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

கூட வேலை செய்கிற என் நாத்தனார் இனேஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, அவரு ஒயினைக் கேட்டாரா, உங்களைச் சொன்னாரா?"

போடி என்று திட்டினேன். ஆனால் அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. காரணம் இருக்கிறது. கடையை மூடிவிட்டுத் தூரினுக்கு வந்து தன்னோடு இரு என்று மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டிருந்தேன். புருஷன் இல்லாத வீட்டில் எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? ஆனால் அந்த மனிதர் என்னைத்தான் சொன்னார் என்றால் நான் ஏன் போக வேண்டும்? ஒரு நேரம் ஆம் என்று தோன்றும், மறு நேரம் உனக்கென்ன பைத்தியமா என்று தோன்றும்.

ஞாயிறு வந்தது. நீல உடுப்பைப் போட்டுக்கொண்டு, உதட்டுக்குச் சாயமும் பூசியிருந்தேன். வெட்கக்கேடு. ஆதேல்மோ வந்தார், உட்கார்ந்தார். பாட்டிலோடு போய்க் கிண்ணத்தை முன்னால் வைத்தேன். என்னைப் பார்த்தார். "அமாபிலே."

அடக்க முடியவில்லை. "என்னைச் சொல்றீங்களா, ஒயினைச் சொல்றீங்களா?"

அவர் காது வரை சிவந்துபோனார். "ஒயினைத்தான், தில்வா" என்றார். பிறகு தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னார். போன மாதம் வந்த காய்ச்சலில் வாசனையும் ருசியும் போய்விட்டதாம். எதைத் தின்றாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறதாம். இனிப்பு மட்டும்தான் நாக்குக்குக் கொஞ்சம் எட்டுகிறதாம்.

பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் இனேஸ் மூச்சுக்கூட விடவில்லை. சரி, தூரின்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அந்த அவமானம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"ருசியே தெரியலைன்னா வாராவாரம் எதுக்கு இங்க வந்து உக்காரணும்? வீட்டுலயே ரொட்டியத் தின்னுட்டுக் கிடக்கலாம்ல?"

அவர் காலிக் கிண்ணத்தை மேஜைமேல் அப்படியும் இப்படியும் திருப்பினார். என்னைப் பார்க்கவில்லை.

"ருசிக்காகத்தான் வர்றேன்னு உங்ககிட்ட யாரு சொன்னா?"

நான் கையில் பாட்டிலோடு நின்றேன். இந்த மனிதருக்கு எதையும் நேராகச் சொல்லத் தெரியாதா? சுற்றி வளைக்காமல் ஒரு தடவை சொன்னால் நாக்கு தேய்ந்தா போகும்? எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்தக் கடையில் ஞாயிறு மதியம் நான் உட்கார்ந்ததே இல்லை.

உள்ளே தொலைபேசி அடித்தது. மகன்தான்.

"இனேஸ், அதை எடு. அம்மா தூரினுக்கு வரலையாம்னு சொல்லிடு. அப்படியே இன்னொரு கிண்ணம் கொண்டா."