ரூலில் தெரு இல்லை

விழுப்புரத்தில் அந்தக் காலத்தில் வேகமாகப் போகிற பொருள் ரயில் ஒன்றுதான். அதுவும் விழுப்புரத்துக்குள் வந்தால் அரை மணி நேரம் நின்று தண்ணி குடித்துவிட்டுத்தான் போகும். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து திண்டிவனத்துக்கு சைக்கிள் பந்தயம் என்று முப்பத்தெட்டாம் வருஷம் தை மாசத்தில் சுவருக்குச் சுவர் நோட்டீஸ் ஒட்டினார், திண்டிவனத்தில் சைக்கிள் கம்பெனி வைத்திருந்த சுப்பராயலு நாயுடு. ஜெயிக்கிறவனுக்குக் கோப்பையோடு கம்பெனியில் உத்தியோகமும் உண்டு. என்ன உத்தியோகம் என்றால், சைக்கிள் மிதிக்கிற உத்தியோகம். மெட்ராஸ், பெங்களூர், கொழும்பு என்று எங்கே பந்தயம் நடந்தாலும் நாயுடு கம்பெனி பனியனைப் போட்டுக்கொண்டு மிதிக்க வேண்டும். மாசச் சம்பளம். கம்பெனிக்குப் பின்னால் குடும்பத்தோடு இருக்க ஓர் அறை.

நெடுங்கரைச் சேரி தேவசகாயத்துக்கு அந்த அறைதான் வேண்டியிருந்தது. மெட்ராஸ், கொழும்பு எல்லாம் அவனுக்கு அந்த அறையின் தாழ்வாரம் மாதிரி.

தேவசகாயம், துரைக்கண்ணு பண்ணையில் படியாள். அப்பன் அங்கே படியாள், பாட்டன் அங்கே படியாள். கொள்ளுப்பாட்டனைப் பற்றித் தகவல் இல்லை, ஆனால் அவர் கலெக்டராக இருந்திருக்க வழியில்லை. சைக்கிள் எப்படி வந்தது என்றால், மாதா கோயில் சாமியாருக்குப் புதுச்சேரியிலிருந்து பூசைக்கு ஒயின் வர வேண்டும். பாட்டில் உடையாமல் கிளியனூர் ரோட்டில் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். தேவசகாயம் வாரா வாரம் சாமியாரின் பழைய சைக்கிளில் போய் வந்தான். ஒரு பாட்டில் கூட உடைந்ததில்லை. கர்த்தரின் இரத்தத்தை முதுகில் கட்டிக்கொண்டு அவ்வளவு வேகமாக மிதித்தவன் தென்னாற்காடு ஜில்லாவிலேயே வேறு யாரும் இல்லை என்று சாமியாரே சொல்லிக்கொள்வார். பந்தயத்துக்கும் அவர்தான் சைக்கிளைக் கொடுத்தார்.

இதில் ஒரு சின்ன சங்கடம். கார்த்திகை மழையில் ட்ரங்க் ரோட்டில் மதகு ஒன்று அடித்துக்கொண்டு போய்விட்டது. அதனால் பந்தயம் நடுவழியில் ஒரு மைலுக்குத் திரும்பி, நெடுங்கரை ஊர்த்தெரு வழியாகப் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. நெடுங்கரை ஊர்த்தெருவில் சேரிக்காரன் சைக்கிளில் ஏறிப் போவதில்லை. தெருமுனையில் ஒரு சுமைதாங்கிக் கல் உண்டு. அங்கே இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே போய், அந்தக் கோடியில் ஏறிக்கொள்ள வேண்டும். எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்திருந்தால் அழித்துவிடலாம்.

தாசில்தார் நேரில் வந்தார். பந்தயத்தன்றைக்கு எல்லாரும் ஏறித்தான் போவார்கள் என்றார். துரைக்கண்ணு பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார்.

"ரேஸுன்னா ரேஸுதாங்க. ஒரு மணி நேரம்தானே. எவன் வேணா ஏறிப் போவட்டும். நானே பார்த்துக்கறேன்."

அவர் பெருந்தன்மைக்குக் காரணம் இருந்தது. அவர் மகன் சின்னதுரையும் பந்தயத்தில் இருந்தான். திண்டிவனம் ஹைஸ்கூலில் படித்தவன். நல்ல பையன் என்று சேரியிலேயே சொல்வார்கள்.

சங்கதியைத் தேவசகாயம் வந்து சொன்னதும் அவன் பெண்சாதி சவுரியம்மாள் வாயைப் பிளந்தாள்.

"நெஜமாவா? தெருவுலயா? ஏறியேவா?"

"தாசில்தாரே சொல்லிட்டாரு."

"நான் அந்தக் கோடியில வந்து நின்னுக்கினு பாப்பேன். மெதுவா வா, ஆமா. கண்ணு ரொம்பப் பாக்கணும்."

"மெதுவா வந்தா அறை போயிடுமே, புள்ள."

"அப்ப ஜல்தியா வா. நான் ஜல்தியா பாத்துக்கறேன்."

பந்தயத்தன்று விடிகிறதற்கு முன்னால் அவள் அடுப்புச் சட்டி, கேப்பை மாவு, துணிமணி, மாதா படம் எல்லாவற்றையும் ஒரே கோணியில் போட்டு இறுக்கிக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். ஜெயித்த பிறகு கட்டலாமே என்று அவன் சொன்னான். ஜெயித்த பிறகு கட்ட எனக்குக் கை ஓடாது என்றாள்.

விழுப்புரம் ஸ்டேஷன் எதிரே பத்துப் பதினோரு பேர் வரிசையாக நின்றார்கள். அதில் ஒருவர் போலீஸ்காரர்; அவருக்கு வழிவிடாவிட்டால் வழக்கு வரும் என்று மற்றவர்களுக்குப் பயம். ஒருவன் தந்திச் சேவகன். சாவுச் செய்தி கொண்டுபோய்ப் பழகிய வேகம். நாயுடு ஒரு பெட்டிமேல் ஏறிப் பிரசங்கம் பண்ணினார். வெள்ளைக்கார டயர் கம்பெனி கேட்லாகில் அவர் படித்த விஷயம்.

"இது ஸ்போர்ட்ஸ்மேன் ரேஸுங்க! முன்னாடி போறவனுக்குப் பஞ்சர் ஆச்சுன்னா, பின்னாடி வர்றவன் அதைச் சாக்கா வெச்சுக்கினு ஓடக்கூடாது. நிக்கணும். அவன் ஒட்டிக்கினு ஏறின பிறகுதான் மிதிக்கணும். சீமையில அப்படித்தான். இதுதான் ரூலு."

தேவசகாயம் அதை ஞானஸ்நான வார்த்தை மாதிரி கேட்டுக்கொண்டான். ஒருவனுக்கு ஆபத்து என்றால் எல்லாரும் நிற்பார்கள் என்று ஒரு ரூல் உலகத்தில் இருக்கும் என்பதே அவனுக்குப் புதுசு.

துப்பாக்கி வெடித்தது. விக்கிரவாண்டி தாண்டுவதற்குள்ளேயே கூட்டம் சிதறி, முன்னால் சின்னதுரையும் அவனை ஒட்டித் தேவசகாயமும் மட்டும்தான் இருந்தார்கள். எதிர்காற்று. ஒருவன் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ள, இப்படி மாறி மாறி மிதித்தார்கள். சின்னதுரையின் முதுகுக்கு அவ்வளவு கிட்டே தேவசகாயம் இதற்குமுன் வந்ததில்லை. சட்டையில் சலவைச் சோப்பு வாசனை அடித்தது.

கருவேலமரத் திருப்பத்தில் சின்னதுரையின் பின்சக்கரம் புஸ்ஸென்றது.

தேவசகாயம் நின்றான். அடுத்தவன் யாரும் கண்ணுக்கெட்டின தூரத்தில் இல்லை; நிற்காமல் போயிருந்தால் பந்தயம் அத்தோடு முடிந்திருக்கும். அவன் இறங்கி, சின்னதுரையின் டயரைக் கழற்றி, மண்ணெண்ணெய்ச் சீசாவில் கொண்டுவந்திருந்த பசையை எடுத்து, தானே ஒட்டி, தானே காற்றடித்தான்.

"ஏன்டா நின்னே?" என்றான் சின்னதுரை, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"ரூலாச்சே, சின்னாண்டே."

சின்னதுரைக்குக் கண் கலங்கிவிட்டது. படித்த பையன் இல்லையா. அவன் தோளைத் தொட்டான். "தேவா, உனக்கு ஒண்ணுன்னா நானும் நிப்பேன்டா. சத்தியமா நிப்பேன்."

மறுபடி மிதித்தார்கள். இப்போது தேவசகாயம் வெறி வந்தவன் மாதிரி போனான். சின்னதுரை பின்னால் புள்ளியாகிப் போனான். மதகுத் திருப்பம் வந்தது. திரும்பினான். நெடுங்கரை. சுமைதாங்கிக் கல். அதற்கப்பால் தெரு, ரெண்டு பக்கமும் ஜனம், வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுத் தாசில்தார், பக்கத்தில் துரைக்கண்ணு. தெரு நடுவில் ஒரு காக்கை கூட இல்லை. அவனுக்காகவே பெருக்கித் தண்ணி தெளித்து வைத்த மாதிரி கிடந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கை நீட்டவில்லை. யாரும் முறைக்கக்கூட இல்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கல்லுக்கு நேரே வந்ததும் தேவசகாயத்தின் வலது கால் பெடலை விட்டு எழும்பிப் பின்பக்கமாகச் சுழன்று தரைக்கு வந்தது. கை தலைத்துண்டை அவிழ்த்தது. துண்டு அக்குளுக்குள் போயிற்று. நாலு எட்டு வைத்தபிறகுதான் தான் நடந்துகொண்டிருப்பது அவனுக்கே தெரிந்தது.

தெரிந்ததும் ஏறியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். ஏறியபடியே வந்திருந்தால் வந்திருக்கலாம். இறங்கிவிட்ட பிறகு, அத்தனை முகத்துக்கும் எதிரே, துரைக்கண்ணுவின் நாற்காலிக்கு எதிரே, காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது வேறே காரியம். அதற்கு யாரும் அனுமதி கொடுத்ததாக அவன் உடம்புக்குத் தகவல் வரவில்லை. ஒரு தரம் பெடலில் கால் வைத்தான். எடுத்துக்கொண்டான்.

"பாத்தீங்களா! சொல்லாமலே எறங்கிட்டான்" என்றார் துரைக்கண்ணு, நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

பின்னால் மணிச் சத்தம். சின்னதுரை.

"டேய், ஏறு! ஏறுடா தேவா! இன்னிக்கு ஒண்ணும் இல்லடா!"

தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டு தள்ளினான். சின்னதுரை பிரேக்கைப் பிடித்தான். சத்தியம் பண்ணியிருக்கிறானே, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். நின்றான் என்பதை மறைக்கக்கூடாது.

"ஏன்டா நின்னுட்டே?" என்றார் அப்பா. "வண்டி ரிப்பேரா?"

"இல்லப்பா."

"அப்புறம்?"

இந்த 'அப்புறம்' என்கிற கேள்விக்குத் திண்டிவனம் ஹைஸ்கூலில் பதில் சொல்லித் தரவில்லை. சின்னதுரை ஒரு தரம் தேவசகாயத்தைப் பார்த்தான், ஒரு தரம் அப்பாவைப் பார்த்தான். பிறகு மிதித்துக்கொண்டு போய்விட்டான். தந்திச் சேவகனும் போனான். போலீஸ்காரரும் போனார்; போகிற போக்கில் சல்யூட்கூட அடித்துவிட்டுப் போனார், தாசில்தாருக்கு.

தெருக்கோடியில் சவுரியம்மாள் நின்றிருந்தாள். ஏறி வருகிறவனைப் பார்க்க வந்தவள் தள்ளி வருகிறவனைப் பார்த்தாள். கடந்து போகையில் அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் தேவசகாயம் மிதித்த மிதியைப் பற்றித் திண்டிவனத்தில் வெகுநாள் பேசினார்கள். போலீஸ்காரரைப் பிடித்தான். தந்திச் சேவகனைப் பிடித்தான். மார்க்கெட் திருப்பத்தில் சின்னதுரையின் முதுகு தெரிந்தது, சோப்பு வாசனை வருகிற தூரம் வரைக்கும் வந்துவிட்டான். எல்லையில் கட்டியிருந்த கயிற்றைச் சின்னதுரையின் முன்சக்கரம்தான் தொட்டது. ஒரு சக்கர வித்தியாசம்.

மேடையில் மாலை போட்டதும், தாசில்தாரோடு வண்டியில் வந்து சேர்ந்திருந்த துரைக்கண்ணு எழுந்து கோப்பையை மட்டும் வாங்கிக்கொண்டார். "உத்தியோகம் வேணாம் நாயுடு. என் மவன் ஒம்ம பனியனை மாட்டிக்கினு ஊர் ஊரா மிதிக்கவா?"

ஆக, உத்தியோகம் அந்தரத்தில் நின்றது. சின்னதுரை முன்னால் வந்தான். "நாயுடு சார், எனக்குப் பஞ்சரானப்ப அவன் நின்னான். அவன் இறங்கினப்ப நான் நிக்கல. உத்தியோகத்தை அவனுக்குக் குடுங்க." குரல் நடுங்கியது. பாவம், கொஞ்சம் தாமதமாக நடுங்கியது.

நாயுடு யோசித்தார். கெட்ட மனுஷர் இல்லை. கேட்லாகைக்கூட எடுத்துப் புரட்டினார்.

"தம்பி, ரூல்ல பஞ்சர்னுதான் இருக்குது. தெருன்னு இல்லையே." தேவசகாயத்தின் பக்கம் திரும்பி, அக்கறையாகவே சொன்னார்: "உன் கால்ல பலம் இருக்குதுப்பா, இல்லங்கல. ஆனா மெட்ராஸ்ல எத்தினி தெரு இருக்குது தெரியுமா? ஒவ்வொண்ணுலயும் நீ எறங்கிக்கினு இருந்தா என் கம்பெனி என்னாவும்?"

தேவசகாயத்துக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அதுதான் கொடுமை.

கடைசியில் தாசில்தார் எழுந்தார். வேகத்துக்குப் பரிசு கொடுக்கிற உலகம் அடக்கத்துக்கும் கொடுக்க வேண்டாமா என்றார். ஜெயிக்கிற நேரத்திலும் மரியாதை மறக்காதவனே உண்மையான ஸ்போர்ட்ஸ்மேன் என்றார். பலமாகக் கைதட்டினார்கள். நாயுடு கடையிலிருந்தே ஒரு புது சைக்கிள் மணி, பளபளவென்று, தேவசகாயத்துக்கு விசேஷப் பரிசாகக் கொடுத்தார்கள். நாயுடுவே ஹேண்டில்பாரில் முடுக்கியும் விட்டார்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு நெடுங்கரை வந்தான். கல்லிடம் இறங்கினான். இப்போது இறங்கியதில் தப்பில்லை. ஒரு மணி நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. தள்ளிக்கொண்டு வரும்போது பள்ளத்துக்குப் பள்ளம் புது மணி தானாகக் கிணுங்கிற்று. வண்டியில் முன்னாடியே வந்துவிட்டிருந்த துரைக்கண்ணு எட்டிப் பார்த்தார்.

"என்னடா, மணி அடிக்கறே?"

"தானா அடிக்குதுங்க, ஆண்டே."

மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மறுகையால் வண்டியைத் தள்ளிக்கொண்டு, தெருவைக் கடந்தான்.

சவுரியம்மாள் வாசலில் கோணி மூட்டைமேலேயே உட்கார்ந்திருந்தாள். அறை கிடைக்கவில்லை என்று அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேறொன்று தெரிய வேண்டியிருந்தது. காலையிலிருந்து அதற்காக ஒரு வண்டி வசவைச் சேர்த்து வைத்திருந்தாள்.

"சொல்லு. எவன் எறங்கச் சொன்னான்? பெரியாண்டேயா? தாசில்தாரா? எவன்?"

"யாரும் சொல்லல."

"பயப்படாம சொல்லுய்யா. எவன்?"

"யாரும் சொல்லல, புள்ள."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் இல்லை என்பது அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. பிறகு மூட்டையைவிட்டு எழுந்து, கூழ் காய்ச்சச் சட்டி வேண்டுமே என்று, முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தாள். காலையில் ரொம்ப நம்பிக் கட்டிய முடிச்சு. நகத்துக்கு வரவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள்.

தேவசகாயம் மணியிலிருந்து கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தான்.